ஊறின கண்டல் இலையில இருந்து ஒமேகா எண்ணெய்: புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு

நாயாத்துப் பாலத்தால வரேக்க கரையில கண்டல் இலையள் விழுந்து, முதல் மஞ்சளாகி, பேந்து தேத்தண்ணிச் சாயம் மாதிரி நிறமாகி சேத்துக்குள்ள ஊறிக் கிடக்கிறத கண்டிருப்பியள், கண்டுபோட்டு மணம் தாங்கேலாம மூக்கப் பொத்திக்கொண்டு போயும் இருப்பியள். பாமஸியில ஒமேகா 3 எண்டு காசு குடுத்து வாங்கிற குளிசைக்குள்ள டிஎச்ஏ எண்டொரு கொழுப்பு இருக்குதெல்லோ, அத செய்யிற உயிர் ஒண்டு அந்த ஊறின இலையிலதான் குடியிருக்குது. கடல்மீன் தானாச் செய்யிற டிஎச்ஏ மிச்சம் குறைவு. சூடை கடல்ல மிதக்கிற நுண்ணுயிர தின்னும், சூடைய பாரை தின்னும், பாரைய நாங்கள் குழம்பு வைக்கிறம், அப்பிடிக் கைமாறிக் கைமாறித்தான் எங்கட சட்டிக்கு வருது. அப்ப நுண்ணுயிரிட்டயே நேர போய் எடுத்தா என்ன எண்டுதான் இந்த வேலையே தொடங்கினது.

நான் இத கொஞ்சம் லாப்பில படிச்சன், மிச்சமெல்லாம் வீட்டுக்குப் பின்னால ஒரு மேசையில வைச்சுப் பழுதாக்கிப் பழுதாக்கிப் பழகினதுதான். அதால எங்கயெங்க பழுதாப் போகும் எண்டு எனக்கு வடிவாத் தெரியும்.

எத வளக்கப் போறியள்

ரெண்டு வழி இருக்குது. ஒண்டு வெயிலில வளர்ற பாசி. நானோகுளோரொப்சிஸ் எண்டது இபிஏ எண்ட இன்னொரு ஒமேகா 3 கொழுப்பக் கூட வைச்சிருக்கும், ஐசோகிரைசிஸ் கொஞ்சம் டிஎச்ஏ தரும். றால் குஞ்சு பொரிக்கிற இடங்களில இதுகள தொட்டியில பச்சையாவும் மண்ணிறமாவும் வளக்கிறத பாக்கலாம். உரத்துக்கு எப் பை டூ எண்ட கலவை காணும், லீற்றருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைத்திரேற்று, 5 மில்லிகிராம் பொசுபேற்று, அதோட கொஞ்ச உலோக உப்பும் விற்றமினும், அவ்வளவுதான். ஆனா லீற்றருக்கு அரைக் கிராம் உலர்ந்த பாசி வந்தாலே நல்ல வளப்பு, அந்த அரைக் கிராம எடுக்க ஒரு லீற்றர் தண்ணிய வடிக்கோணும், வன்னி வெயிலில தண்ணிச் சூடு 35 பாகைக்கு மேல போனா பாசி ஒரே பகலில செத்து அடியில படியும். ஆனையிறவு உப்பளப் பக்கம் பாத்திகள் செம்மஞ்சளா மாறுறதுக்கு ஒரு காரணம் துனாலியெல்லா எண்ட பாசி, ஆனா அதில பெறுமதியான சாமான் பீற்றா கரோட்டீன், அது வேற கதை.

மற்ற வழி வெளிச்சமே வேண்டாத ஆள். பேர் த்ரோஸ்டோகைட்ரிட், அந்தக் குடும்பத்தில ஷைசோகைட்ரியம், ஒரான்ரியோகைட்ரியம் எண்டு பேரெடுத்த ரெண்டு இருக்குது. பூஞ்சணமுமில்ல, பாசியுமில்ல, சீனியத் தின்னு கொழுக்கிற கடல் நுண்ணுயிர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நல்லா வளந்தா உடம்பின்ர பாரத்தில பாதி வரைக்கும் கொழுப்பு, அந்தக் கொழுப்பில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட டிஎச்ஏ. பெரிய கொம்பனியள் எஃகுத் தாங்கியில வளத்து லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல எடுக்குது. ஒரான்ரியோகைட்ரியத்தில சில இனம் சுறா ஈரல் எண்ணெயில இருக்கிற ஸ்குவாலீனையும் செய்யும். புது ஆக்களுக்கு நான் சொல்லுறது இதத்தான், வெளிச்சம் வேண்டாம், பெரிய தொட்டி வேண்டாம், ஒரு அறையும் ஒரு குக்கரும் காணும்.

ஒண்டச் சொல்லிப்போட்டுப் போறன். பாசியில இருந்து டீசல் எடுத்து மோட்டர்சைக்கிள் ஓடலாம் எண்டு ஆராவது சொன்னா சிரிச்சுப்போட்டு விடுங்கோ. அமெரிக்கா அரசாங்கமே 1978 இலிருந்து 1996 வரைக்கும் அதுக்கெண்டு ஒரு திட்டம் நடத்தி, ஆயிரக்கணக்கில பாசி இனங்களச் சேத்துப் பாத்து, கடைசியில பெற்றோலியத்தோட விலையில போட்டி போடேலாது எண்டு மூடினவை. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மீன் தீனுக்கும் போற எண்ணெயிலதான் காசு இருக்குது. குழந்தைப் பால்மாவில நுண்ணுயிர் டிஎச்ஏ போட 2001 இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சாப் பிறகுதான் இந்தத் தொழில் நிமிந்தது.

இலை பொறுக்கிறது

வாடைக் காத்தோட மாரி மழை இறங்கினா களப்பில உப்பு ஒரேயடியாக் குறைஞ்சுபோகும், வெள்ளம் கூடி முகத்துவாரத்த வெட்டி விட்டா இருந்ததும் கடலோட போயிடும். அதால மழைக்கு முந்தி, ஆவணி புரட்டாசியில போறது நல்லம். பச்சை இலை வேண்டாம், முழுக்கக் கறுத்து நார் தெரியிற இலையும் வேண்டாம். விழுந்து ஒரு கிழமைக்குள்ள, மஞ்சளில மண்ணிறப் புள்ளி விழத் தொடங்கின இலை, தண்ணிக்குள்ள அமிழ்ந்து கிடக்கிறது, அதுதான் வேணும். அஞ்சாறு இலையும் ஒரு போத்தல் தண்ணியும் எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ள இல்லாட்டிலும் ஈரச் சாக்குக்குள்ள சுத்திக் கொண்டு வாங்கோ, அண்டைக்கே வேலை தொடங்கோணும்.

தில்லை மரத்துக்கு கிட்டப் போகேக்க கவனம், கொப்பு முறிஞ்சு பால் கண்ணில பட்டா பார்வைக்கே ஆபத்து. கொக்கிளாய்க் களப்பு பறவைகள் சரணாலயம், நந்திக்கடலும் சும்மா இறங்கிற இடமில்ல, வனசீவராசிகள் திணைக்களத்தில கேட்டு அனுமதி எடுத்துப்போட்டுப் போங்கோ. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிக்கிற பக்கம் ஒரு இலைக்காக கால் வைக்காதேங்கோ, மீன்பிடிக்கிற ஆக்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையோட நில்லுங்கோ.

சாப்பாடு காச்சிறது

இலையப் போட, மூடியுள்ள சின்ன லாப் தட்டில (பெட்ரி தட்டு) ஊத்தி உறைய விடுற ஒரு கட்டிச் சாப்பாடு வேணும். பாதி கடல்தண்ணி பாதி கிணத்துத்தண்ணி கலந்து ஒரு லீற்றர் எடுத்து, அதில குளுக்கோஸ் 2 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 கிராம், பெப்டோன் எண்ட உடைச்ச புரதத் தூள் 1 கிராம், அகார் 15 கிராம். ஜெலி செய்யிற அகார் தூள் கடையில கிடைக்கும், ஆனா ஜெலட்டின வாங்கிப்போடாதேங்கோ, ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சு வாங்கினா எங்கட சூட்டுக்கு மத்தியானம் தட்டெல்லாம் உருகித் தண்ணியா நிக்கும்.

ஓட்டோகிளேவ் இல்லாட்டி 15 பிஎஸ்ஐ அமுக்கம் பிடிக்கிற பிறஷர் குக்கர் காணும். சத்தம் போடத் தொடங்கின நேரத்தில இருந்து 20 நிமிசம் எண்ணுங்கோ, அடுப்பில வைச்ச நேரத்தில இருந்தில்ல. பிறகு தானா ஆற விடுங்கோ, அவசரப்பட்டு வெயிற்றத் தூக்கினா போத்தலுக்குள்ள இருக்கிறது பொங்கி வெளிய வந்திடும். போத்தலக் கன்னத்தில வைச்சா பொறுக்கிற சூட்டுக்கு வந்தாப் பிறகு பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் லீற்றருக்கு 300 மில்லிகிராம் படி போட்டுக் கலக்கி தட்டில ஊத்துங்கோ. அந்த மருந்தள முதலே போட்டு குக்கரில அவிச்சா மருந்து செத்துப்போகும், பாக்டீரியா சந்தோசமா இருக்கும். இந்த மருந்துகள ஒரு லாப் மூலமா எடுங்கோ, கடையில கேட்டு அலையாதேங்கோ.

இலைய ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளா வெட்டி, அவிச்ச கடல்தண்ணியில மூண்டு தரம் அலசி, தட்டுக்கு நாலு துண்டு வையுங்கோ. வெளிநாட்டில இதுக்கு பைன் மரத்துப் பூந்தூள தண்ணியில தூவி அதில ஒட்டுறத பிடிக்கிறவை, எங்களுக்கு பைன் மரம் பாக்க மலைநாட்டுக்கெல்லோ போகோணும், இலை காணும். ஸ்பிரிட் விளக்குப் பக்கத்தில வைச்சு வேலை செய்யுங்கோ, மின்விசிறி போடாதேங்கோ. சோளகம் அடிக்கிற நாளில யன்னலையும் பூட்டுங்கோ. வேர்வை தட்டில விழாமப் பாக்க நெத்தியில ஒரு துணி கட்டிறது எனக்கு இப்ப பழக்கமாப் போச்சு.

ஆளப் பிடிக்கிறது

புது ஆக்கள் கனபேர் இந்த இடத்திலதான் விழுறவை, நானும் விழுந்தனான். ரெண்டு மூண்டு நாளில இலைத் துண்டச் சுத்தி வெள்ளையா, கிறீம் நிறமா, சிலநேரம் செம்மஞ்சளா சின்னச் சின்னப் பொட்டு வரும். நான் முதல் தரம் வடிவான கிறீம் நிறப் பொட்டு ஒண்ட எடுத்து, ஒரு மாசம் சீனி குடுத்து, போத்தல் போத்தலா வளத்து, கடைசியில பாத்தா அது பாண் போடுற ஈஸ்டின்ர சொந்தக்காரன். மணந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், கள்ளுப் பானை மணம்.

மைக்கிறோஸ்கோப்பில 40 லென்ஸ வைச்சுப் பாருங்கோ. ஈஸ்ட் எண்டா தாய்க்குப் பக்கத்தில ஒரு சின்ன மொட்டுத் தள்ளும். எங்கட ஆள் உருண்டையா, உள்ளுக்குள்ள எண்ணெய்த் துளி மினுமினுக்க இருக்கும், பிரியேக்க ரெண்டு, நாலு, எட்டு எண்டு கொத்தா நிக்கும். தட்டில கிடக்கிற கொத்தின்ர ஓரத்தில சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வலை விரிச்சிருந்தா இன்னும் நல்லம். ஒரு துளி கொத்த அவிச்ச கடல்தண்ணியில விட்டு சில மணித்தியாலம் கழிச்சுப் பாத்தா ரெண்டு வாலோட குட்டியள் நீந்தித் திரியும், அந்த நீச்சலக் கண்டா ஈஸ்ட் இல்லையெண்டு நிச்சயம்.

மைக்கிறோஸ்கோப் இல்லாத ஆக்களுக்கு ஒரு லேசான சோதனை இருக்குது. உப்பில்லாத தண்ணியில அதே சாப்பாட்டக் காச்சி ஒரு தட்டு, கடல்தண்ணியில ஒரு தட்டு, ரெண்டிலயும் ஒரே பொட்டத் தேயுங்கோ. த்ரோஸ்டோகைட்ரிட்டுக்கு சோடியம் இல்லாட்டி வளரேலாது. ரெண்டிலயும் வளந்தா அது வேற ஆள், தூக்கி எறியுங்கோ. கடல்தண்ணித் தட்டில மட்டும் வளந்தா ஊசி முனையால ஒரு பொட்ட எடுத்து புதுத் தட்டில கோடிழுத்து, அதில தனிய நிக்கிற பொட்ட எடுத்து திரும்ப ஒருக்கா, இப்பிடி மூண்டு தரம் செய்தாத்தான் சுத்தமான இனம் எண்டு நம்பலாம்.

கொழுக்க வைக்கிறது

தண்ணிச் சாப்பாட்டுக்கு லீற்றருக்கு குளுக்கோஸ் 30 கிராம், பெப்டோன் 2, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 2, பாதிக் கடல்தண்ணி. தண்ணியின்ர உப்பு ஆயிரத்தில 15 இலிருந்து 20 பங்குக்குள்ள நிண்டா காணும், றால் வளக்கிற ஆக்களிட்ட உப்பு பாக்கிற மானி இருக்கும், கேட்டா ஒருக்கா தருவினம். களப்புத் தண்ணிய நம்பி அளக்காமச் செய்யாதேங்கோ, சித்திரையில இருக்கிற உப்பு மார்கழியில இராது.

10 மில்லி லீற்றரில வளத்து அத 100 இல ஊத்தி, அத ஒரு லீற்றரில ஊத்துங்கோ. குடுவையில அஞ்சில ஒரு பங்குக்கு மேல நிரப்பாதேங்கோ, இதுக்கு காத்து கனக்க வேணும். குடுவைய ஆட்டிற ஷேக்கர் மெசின் இருந்தா நிமிசத்துக்கு 150 இலிருந்து 200 சுத்து. இல்லாட்டி மீன்தொட்டிக்கு வைக்கிற காத்துப் பம்ப காணும், ஆனா காத்து வாற ரியூப்புக்கு நடுவில அவிச்ச பஞ்ச இறுக்கி அடைச்ச ஒரு கண்ணாடிக் குழாயப் பூட்டுங்கோ. சூடு 25 இலிருந்து 28 பாகைக்குள்ள நிண்டா நல்லம். ஏசி இல்லாத வீட்டில பெரிய மண்பானைக்குள்ள ஈர மணல் போட்டு, அதுக்குள்ள குடுவைய நட்டு, வெளியில ஈரச் சாக்கச் சுத்தி விட்டா அறைச் சூட்ட விட நாலஞ்சு பாகை இறங்கும், எங்கட ஆச்சி தண்ணி குளிர வைச்ச அதே வேலைதான். கரண்ட் போச்செண்டா பம்ப் நிக்கும், பம்ப் நிண்டா தண்ணி ரியூப்பால மேல ஏறி வரும், அதால பம்ப தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு தட்டில வையுங்கோ. ஒரு இரவு கரண்ட் போய் எனக்கு ஒரு பம்பும் ஒரு வளப்பும் சேந்து போனது.

இனி இந்த வேலையின்ர உயிர்நாடி. தண்ணி பால் மாதிரித் தடிச்சு வர புது ஆக்கள் சந்தோசத்தில எடுத்துப் பிழிஞ்சு போடுறவை. அது பிழை. முதல் ஒண்டரை, ரெண்டு நாள் அது பெருகிற நேரம், உடம்பு கட்டுது, கொழுப்பு குறைவு. உடம்பு கட்ட நைதரசன் வேணும், அது பெப்டோனிலயும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டிலயும் இருக்குது. நாங்கள் அத வேணுமெண்டே குறைச்சுப் போட்டிருக்கிறம். அது முடிஞ்சா பிரியேலாது, ஆனா சீனி இன்னும் கிடக்குது, அப்ப தின்னுற சீனிய எல்லாம் எண்ணெயாக்கி வயித்துக்குள்ள துளியாச் சேக்கும். பெருக விட்டு, பிறகு பட்டினி போட வேணும், அதுவும் அரைப் பட்டினி, சீனி இருக்க நைதரசன் இல்லாத பட்டினி. பெப்டோன கூடப் போட்டா கூட எண்ணெய் வரும் எண்டு நினைச்சு அள்ளிக் கொட்டினா தடிப்பா, வடிவா, எண்ணெயில்லாத கஞ்சிதான் கிடைக்கும்.

எப்ப நிப்பாட்டிறது எண்டதுக்கு ஏ.எல் பயோ செய்த ஆக்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு போத்தல் காணும். ஒண்டு பெனடிக்ற் கரைசல். ஒவ்வொரு நாளும் ரெண்டு துளி தண்ணிய எடுத்து அதோட கலந்து சூடாக்கிப் பாருங்கோ, செங்கட்டி நிறம் வந்தா சீனி இருக்குது, பச்சைக்கு வந்தா முடியப்போகுது, நீலமா நிண்டா முடிஞ்சுது. முடிஞ்சாப் பிறகும் விட்டா அது தான் சேத்த எண்ணெயத் தானே எரிச்சுத் தின்னத் தொடங்கும், பச்சைக்கு வாற நேரம் எடுக்கோணும். மற்றது சூடான் 3 எண்ட சாயம். ஒரு துளியில கலந்து மைக்கிறோஸ்கோப்பில பாத்தா எண்ணெய்த் துளி சிவக்கும். முதல் நாள் ஊசிக்குத்து மாதிரிச் சின்னதா ரெண்டு மூண்டு சிவப்பு, நாலாம் நாள் உருண்டையின்ர முக்கால்வாசியும் சிவப்பு. அத முதல் தரம் கண்ட அண்டு நான் வீட்டில எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினன், அம்மா பாத்துப்போட்டு மாதுளம் முத்து மாதிரிக் கிடக்கு எண்டா.

எடுக்கிறதும் பிரிக்கிறதும்

சென்ட்ரிபியூஜ் இருந்தா சுத்துங்கோ, இல்லாட்டி பிறிஜ்ஜில ஒரு இரவு வைச்சா அடியில படியும், மேல் தண்ணிய மெல்ல வாருங்கோ. கெதியா ஒருக்கா நல்ல தண்ணியில கழுவோணும், இல்லாட்டி உப்பும் சேந்து பாரம் காட்டும். 60 பாகையில காய வைச்சு நகைக்கடைத் தராசில நிறுங்கோ. 30 கிராம் சீனிக்கு 10 கிராம் வந்தா நல்லாச் செய்திருக்கிறியள், அதில 3, 4 கிராம் எண்ணெய், அதில டிஎச்ஏ ஒரு கிராமுக்குக் கிட்ட. இந்தக் கணக்க முதலே மனசில வைச்சிருந்தா ஏமாறமாட்டியள்.

எண்ணெய் பிரிக்கிறத வீட்டுக் குசினியில செய்யாதேங்கோ. காஞ்சத உரலில நல்லா அரைச்சு ஹெக்ஸேன் ஊத்திக் கலக்கி, வடிச்சு, மூண்டு தரம் அப்பிடிச் செய்து, ஹெக்ஸேன ஆவியாக விட்டா மிஞ்சிறது எண்ணெய். ஹெக்ஸேன் 69 பாகையில கொதிக்கும், ஆவி நெருப்பத் தேடிப் போய்ப் பத்தும், அதால ஆவிய வெளியில இழுக்கிற புகைக் கூண்டு இருக்கிற லாப்பில, தெரிஞ்ச ஆள் பக்கத்தில நிக்கத்தான். சரியான அளவு பாக்க குளோரோபோமும் மெதனோலும் கலந்து எடுக்கிற முறைதான் 1950களில இருந்து பாவிக்கிறது, அது இன்னும் கூடாத நஞ்சு, அதையும் லாப்புக்கு விடுங்கோ.

கண்ணாடிப் பாத்திரம் மட்டும் பாவியுங்கோ. எனக்கு ஒருக்கா பாரத்தில அறுவது வீதம் எண்ணெய் வந்தது, நான் விசரன் மாதிரித் துள்ளினன். பிறகு ஒரு அக்கா கேட்டா, வெறும் ஹெக்ஸேன மட்டும் அதே கோப்பையில விட்டுப் பாத்தனியோ எண்டு. விட்டுப் பாத்தன், ஒரு நுண்ணுயிரும் இல்லாம வெறும் கோப்பையில இருந்தே எண்ணெய் வந்தது. பிளாஸ்ரிக் கோப்பை கரைஞ்சு அதுக்குள்ள இருந்த மெழுகும் எண்ணெயும் இறங்கியிருக்குது. அண்டையில இருந்து ஒவ்வொரு தரமும் ஒரு வெறும் கண்ணாடியும் சேத்துத்தான் நிறுக்கிறன், நீங்களும் நிறுங்கோ.

வந்தது டிஎச்ஏதானா எண்டு நிறத்தப் பாத்தோ மணந்தோ சொல்லேலாது, காஸ் குரோமட்டோகிராப் எண்ட மெசினில போட்டுத்தான் பாக்கோணும். கொழும்பில கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரி இடங்கள் இருக்குது, பல்கலைக்கழக லாப்புகளும் இருக்குது, கிளிநொச்சி அறிவியல் நகரில விவசாய பீடம் கிட்ட எண்டதால நான் முதல் அங்கதான் கேக்கச் சொல்லுவன். குடுக்கிறதுக்கு முந்தி எவ்வளவு காசு, எத்தினை மில்லிகிராம் வேணும் எண்டு கேளுங்கோ.

டிஎச்ஏயில ஆறு இரட்டைப் பிணைப்பு இருக்குது, காத்தும் வெளிச்சமும் பட்டா கெதியாப் பழுதாகும், கருவாட்டு மணம் வந்தா போச்செண்டு அர்த்தம். மண்ணிறப் போத்தலில விளிம்பு வரைக்கும் நிரப்பி, ஒரு துளி விற்றமின் ஈ விட்டு, பிறீசரில வையுங்கோ. இத நீங்களும் சாப்பிடாதேங்கோ, பிள்ளையளுக்கும் குடுக்காதேங்கோ, ஹெக்ஸேன் மிச்சம் நிக்கலாம், பிடிச்ச உயிரின்ர பேர் கூட உங்களுக்கு இன்னும் நிச்சயமாத் தெரியாது. சில பெரிய கொம்பனியள் ஹெக்ஸேன் மாதிரிக் கரைப்பான் இல்லாம நொதியத்தால கலத்த உடைச்சும் எண்ணெய் பிரிக்குது.

அப்ப கிராம் கணக்கில எடுத்து என்ன செய்யிறது எண்டு கேப்பியள். குளிசை வியாபாரம் வன்னியில ஒரு அறையில இருந்து செய்யிற வேலையில்ல. ஆனா கொடுவாக் குஞ்சோ றால் குஞ்சோ வளக்கிற இடத்தில, குஞ்சுக்குத் தீனாப் போடுற ஆர்ட்டீமியா எண்ட உப்புத்தண்ணிச் சின்ன உயிருக்கு முதல் நாள் இந்தக் கலத்தத் தின்னக் குடுத்து, டிஎச்ஏ நிரம்பின ஆர்ட்டீமியாவ குஞ்சுக்குப் போடுறது உலகம் முழுக்க நடக்கிற வேலை. அதுக்கு எண்ணெய் பிரிக்கவே தேவையில்ல, ஹெக்ஸேனும் தேவையில்ல, கழுவின ஈரக் கலம் காணும், கிராமும் பெரிய அளவுதான். ஆரும் வளப்பாளர் தெரிஞ்சா ஒரு சின்னத் தொட்டியில மட்டும், பக்கத்தில இந்தத் தீன் போடாத தொட்டி ஒண்டும் வைச்சு, எத்தினை குஞ்சு தப்புது எண்டு எண்ணிப் பாக்கச் சொல்லுங்கோ.

பிடிச்ச இனத்த ரெண்டு கிழமைக்கு ஒருக்கா புதுத் தட்டுக்கு மாத்துங்கோ, ரெண்டு வேற இடத்தில ரெண்டு பிரதி வையுங்கோ, தட்டின்ர மூடியில இல்லாம அடியில பேரும் திகதியும் எடுத்த இடமும் எழுதுங்கோ, ஏனெண்டா மூடி எப்பிடியும் ஒரு நாள் மாறிப்போகும்.